சிறு வயதில் இதய ஆபரேஷன், இப்போது பெரியவர்: பல ஆண்டுகள் கழித்து வரும் சிக்கல்கள் பற்றிய கேள்வி-பதில்

பிறவி இதயக் குறையைக் குழந்தைப் பருவத்தில் சரிசெய்துகொண்டு, இப்போது 20, 30, 50 வயதில் இருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எழுதியது. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்படிதான்.

"ஓட்டையை அடைத்தாயிற்று, இனி கவலையில்லை" என்றார்கள். இப்போது எதற்கு மறுபடி மருத்துவர்?

அன்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அப்போது இந்த ஆபரேஷன்களுக்குப் பின் 40 ஆண்டு வாழ்ந்து காட்டியவர்களே இல்லை. டெட்ராலஜி ஆஃப் ஃபேலட் என்ற குறைக்கு (நுரையீரலுக்குப் போகும் வழி குறுகி, கீழறைச் சுவரில் ஓட்டையும் இருப்பது) முழுத் திருத்தம் முதன்முதலில் நடந்தது 1954இல்தான். அந்தத் தலைமுறைக் குழந்தைகள் நடுவயதை எட்டிய பிறகே, பின்னால் என்னென்ன வருகிறது என்பது மருத்துவத்துக்குத் தெரிந்தது.

ஆபரேஷன் ரத்தம் ஓடும் வழியைத் திருத்துகிறது. ஆனால் தையல் போட்ட இடம் தழும்பாகிறது, தழும்புத் திசு இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே வைத்த ஒட்டுத் துண்டும் செயற்கைக் குழாயும் பிள்ளையோடு சேர்ந்து வளராது. வெட்டி அகலப்படுத்திய வால்வு கசியும். இவை ஒவ்வொன்றும் 10, 20 ஆண்டுகள் சத்தமில்லாமல் வேலை செய்து, பிறகே வெளியே தெரியும்.

"எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே" என்பது நாங்கள் அதிகம் கேட்கும் வாக்கியம். பிறந்ததிலிருந்து இதே இதயத்தோடு வாழ்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு இதயம் இருந்ததில்லை. படியேறும்போது நடுவில் நிற்பது அவருக்கு இயல்பு. இப்படிச் சொன்னவர்களை மூச்சுக்காற்றை அளக்கும் கருவியோடு ட்ரெட்மில்லில் ஓட விட்டால், அதே வயதினரில் எதிர்பார்க்கும் அளவைவிடக் கணிசமாகக் குறைந்திருப்பது அடிக்கடி தெரியவரும்.

யாருக்கு உண்மையிலேயே கவலை குறைவு?

கைக்குழந்தைப் பருவத்திலோ சிறு வயதிலோ அடைத்த தமனி நாளம் (பிடிஏ, பிறந்ததும் தானாக மூடியிருக்க வேண்டிய ரத்தக்குழாய்), மிச்சக் கசிவில்லாமல் மூடிய சிறிய ஓட்டை, நுரையீரல் ரத்த அழுத்தம் இயல்பு, துடிப்பு ஒழுங்கு என்றிருந்தால் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது பெரும்பாலும் போதும்.

என்ன ஆபரேஷன் நடந்தது என்றே தெரியாது. பெற்றோருக்கும் நினைவில்லை. எங்கே தொடங்குவது?

இதுதான் முதல் வேலை. ஒரே குறைக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். எதைக் கண்காணிப்பது என்பது குறையின் பெயரைவிட ஆபரேஷனின் பெயரைப் பொறுத்தது.

ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் ஆபரேஷன் குறிப்பைக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஒட்டு வால்வு வளையத்தைத் தாண்டிப் போனதா, குழாய் வைத்திருந்தால் எத்தனை மில்லிமீட்டர், இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்கள் வழக்கமான இடத்தில் இருந்தனவா என்பதெல்லாம் ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கும். கதீட்டர் (ரத்தக்குழாய் வழியே செலுத்தும் மெல்லிய குழாய்) வழியாக அடைப்பான் வைத்திருந்தால் அதன் பெயர், அளவு, தேதி வேண்டும்.

பதிவேடு அழிந்துபோயிருந்தால் உடம்பே கொஞ்சம் சொல்லும். நெஞ்சின் நடுத் தழும்பு என்றால் பெரும்பாலும் இதயத்தைத் திறந்து செய்தது. இடது விலாவில் அக்குளுக்குக் கீழே முதுகுப் பக்கம் போகும் தழும்பு என்றால் பெருந்தமனிச் சுருக்கம், தமனி நாளம், அல்லது ஷன்ட் (நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போக வைக்கும் இணைப்பு). வலது விலாவிலும் இருந்தால் பெரும்பாலும் ஷன்ட். எக்கோவும் எம்ஆர்ஐயும் மீதியைக் காட்டும்.

ஷன்ட் போட்டவர்களுக்கு ஒரு முக்கியக் குறிப்பு. பழைய முறை ஷன்டில் கைக்குப் போகும் தமனியையே வெட்டி நுரையீரல் தமனியோடு இணைத்தார்கள். அந்தக் கையில் நாடி மெலிந்திருக்கும், ரத்த அழுத்தம் பொய்யாகக் குறைவாகக் காட்டும். அழுத்தத்தை மறுகையில் பார்க்கச் சொல்லுங்கள். இந்த விவரங்களையும், நலமாக இருக்கும்போது எடுத்த இசிஜியையும் படமெடுத்து ஃபோனில் வைத்திருங்கள். நள்ளிரவில் உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கு அந்தப் பழைய இசிஜி பெரிய உதவி, ஏனென்றால் உங்கள் 'இயல்பு' இசிஜியே பார்ப்பவருக்குக் கோளாறாகத்தான் தெரியும்.

டெட்ராலஜி திருத்தம் செய்தவர்களுக்கு என்ன ஆகிறது?

நுரையீரலுக்குப் போகும் குறுகிய வழியை அகலப்படுத்த, பலருக்கு வால்வு வளையத்தின் குறுக்கே வெட்டி ஒட்டு வைத்திருப்பார்கள். வழி திறந்துவிடும், ஆனால் வால்வு மூடாது. ஒவ்வொரு துடிப்பிலும் அனுப்பிய ரத்தத்தில் ஒரு பகுதி வலது கீழறைக்கே திரும்பி வரும். கீழறை அந்தக் கூடுதல் ரத்தத்துக்கு இடம்கொடுத்து விரியும். 10, 20 ஆண்டுகளுக்கு நன்றாகவே தாங்கும். பிறகு சுருங்கும் வலு குறையும், விரிந்த வளையத்தால் மூவிதழ் வால்வும் (வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) கசியும், தழும்பைச் சுற்றி ஆபத்தான துடிப்புக் கோளாறு கிளம்பும்.

இசிஜியில் கியூஆர்எஸ் என்ற அலையின் அகலம் இந்த விரிவோடு கூடும். 180 மில்லி செகண்டைத் தொட்டால் அல்லது தாண்டினால் கீழறைத் துடிப்புக் கோளாறுக்கும் திடீர் மரணத்துக்கும் ஆபத்து அதிகம் என்பது 1990களிலிருந்தே தெரிந்த விஷயம். ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, வருடா வருடம் அது எப்படி ஏறுகிறது என்பதைப் பாருங்கள்.

கசிவையும் கீழறையின் கொள்ளளவையும் அளக்க எக்கோ மட்டும் போதாது. வலது கீழறை நெஞ்செலும்புக்குப் பின்னால், ஒழுங்கில்லாத வடிவில் இருப்பதால் எக்கோவில் முழுதாகப் பிடிபடாது. இதய எம்ஆர்ஐதான் அளவுகோல். நெஞ்செலும்பைக் கட்டிய கம்பி எம்ஆர்ஐக்குத் தடையில்லை. பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் அதன் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

அப்படியானால் வால்வை எப்போது மாற்றுவது?

மிகச் சீக்கிரம் மாற்றினால், திசு வால்வு 10, 15 ஆண்டில் தேய்ந்து, வாழ்நாளில் மாற்றும் எண்ணிக்கை கூடும். இளம் வயதில் இன்னும் விரைவாகத் தேயும். மிகத் தாமதித்தால் விரிந்த கீழறை பழைய நிலைக்குத் திரும்பாது.

கசிவு அதிகமாக இருந்து மூச்சிரைப்பு, சோர்வு இருந்தால் மாற்ற வேண்டும், அதில் கருத்து வேறுபாடு இல்லை. அறிகுறியே இல்லாதவருக்கு எம்ஆர்ஐ எண்கள் வழிகாட்டும். உடல் பரப்பளவின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும், கீழறை விரிந்திருக்கும்போது 160 மி.லி., சுருங்கிய பின் 80 மி.லி. என்ற அளவை எட்டினால் பேச்சைத் தொடங்க வேண்டிய நேரம். கீழறையின் வலு குறைவது, ட்ரெட்மில் திறன் இறங்குவது, மூவிதழ் வால்வுக் கசிவு கூடுவது ஆகியவையும் சேர்ந்தால் முடிவு உறுதியாகும். இரண்டு எம்ஆர்ஐகளுக்கு இடையே எண் ஏறும் வேகத்தைப் பார்க்காமல் ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

நெஞ்சைத் திறக்காமல் தொடைச் சிரை வழியாக வால்வு வைக்கும் முறை 2000இல் தொடங்கியது. பழைய குழாயோ திசு வால்வோ உள்ளவர்களுக்கு அது நன்றாகப் பொருந்தும். விரிந்த சொந்த வழியில் வைக்கப் பெரிய அளவு வால்வுகளும் இப்போது உண்டு. வைப்பதற்கு முன் அந்த இடத்தில் பலூனை ஊதி, பக்கத்தில் ஓடும் இதயத் தமனி நசுங்குகிறதா என்று படமெடுத்துப் பார்த்தாக வேண்டும். நசுங்கினால் இந்த வழி கூடாது, ஆபரேஷன்தான்.

படபடப்பு வருகிறது. பதற்றமா, இதயமா?

நாடியை எண்ணுங்கள். பதற்றத்தில் துடிப்பு படிப்படியாக ஏறும், உட்கார்ந்து மூச்சைச் சீராக்கினால் படிப்படியாக இறங்கும். மேலறைத் தழும்பைச் சுற்றி மின்சாரம் வட்டமடிக்கும் கோளாறு, சுவிட்சைப் போட்டதுபோல் திடீரென்று வரும். ஒரே எண்ணில் நிற்கும். உட்கார்ந்தாலும் 120, நடந்தாலும் 120, அரை மணி கழித்தும் 120.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு இந்தக் கோளாறு வந்தால் பெரும்பாலும் 150 காட்டும். ஆபரேஷன் ஆன, விரிந்த மேலறையில் வட்டம் பெரிது, வேகம் குறைவு. அதனால் 100, 110, 120 மட்டுமே காட்டி, காய்ச்சலோ பதற்றமோ என்று ஏமாற்றும். அவசரப் பிரிவில் "லேசாகத்தான் வேகமாக ஓடுகிறது" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழைய இசிஜியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதே கோளாறு சில சமயம் தடுப்பில்லாமல் முழு வேகத்தில் கீழறைக்கு இறங்கி மயக்கம் போட வைக்கும். மெதுவாக ஓடுகிறதே என்று நாள்கணக்கில் காத்திருந்தால் கீழறை களைத்துப்போகும், மேலறையில் ரத்தம் உறையும்.

மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்வதற்கு முன், உணவுக்குழாய் வழி எக்கோவில் ரத்தக்கட்டி இல்லை என்று பார்ப்பது நல்லது. சிக்கலான குறை உள்ளவர்களுக்கு முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே கட்டி இருக்கலாம். திரும்பத் திரும்ப வந்தால், மாத்திரையை மட்டும் நம்பாமல் கதீட்டர் வழியாக அந்த வட்டத்தைச் சுட்டு உடைக்கும் சிகிச்சையைப் பற்றிக் கேளுங்கள். அமியோடரோன் என்ற துடிப்புச் சீராக்கும் மருந்தை எடுப்பவர்கள் தைராய்டு, கல்லீரல் ரத்தப் பரிசோதனையை 6 மாதத்துக்கு ஒருமுறை தவறவிடக் கூடாது.

புதிதாக வந்த துடிப்புக் கோளாறு பெரும்பாலும் வேறெதற்கோ அறிகுறி. வால்வு கசிவு கூடியதா, குழாய் அடைத்ததா என்று தேட வேண்டும்.

பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம்மாறிப் பிறந்தவர்களுக்கு?

எந்தக் காலத்தில் ஆபரேஷன் என்பதே கேள்வி. மஸ்டர்ட், சென்னிங் முறைகளில் தமனிகளை அப்படியே விட்டு, மேலறைக்குள் தடுப்புச் சுவர் கட்டி ரத்தத்தைத் திருப்பினார்கள். இவர்களுக்கு வலது கீழறைதான் உடல் முழுவதுக்கும் ரத்தம் தள்ளுகிறது. அந்தப் பாரத்துக்கு ஏற்ற அமைப்பு அதற்கு இல்லாததால் 30, 40 வயதில் தளரத் தொடங்கும். தடுப்புச் சுவர் கசியலாம், அடைக்கலாம். மேல்பக்கம் அடைத்தால் காலையில் முகமும் கழுத்தும் வீங்கும். இயல்பான துடிப்பைத் தொடங்கும் இடம் பழுதாகி நாடி குறைந்து பேஸ்மேக்கர் தேவைப்படலாம். பேஸ்மேக்கர் கம்பி போடும் முன் அந்த மேல்பக்க வழி அடைபடவில்லை என்று படமெடுத்துப் பார்க்க வேண்டும்.

1975இல் வந்த தமனி மாற்று ஆபரேஷன் செய்தவர்கள் நிலை இதைவிட நல்லது. இவர்களிடம் பார்க்க வேண்டியவை, பெருந்தமனியின் அடிப்பகுதி விரிகிறதா, அந்த வால்வு கசிகிறதா, நுரையீரல் தமனிக் கிளைகள் சுருங்கினவா, இடம்மாற்றித் தைத்த இதயத் தமனிகளின் வாய் குறுகியதா என்பவை. அந்தத் தமனிகளின் நரம்பு இணைப்பு அறுபட்டிருப்பதால் நெஞ்சுவலி இல்லாமலே அடைப்பு இருக்கலாம்.

ஃபோன்டன் ஆபரேஷன் செய்தவர்கள் கல்லீரலை ஏன் பரிசோதிக்க வேண்டும்?

ஒரே ஒரு கீழறை மட்டும் வேலை செய்பவர்களுக்கு, உடலிலிருந்து திரும்பும் அசுத்த ரத்தத்தை இதயத்தில் விடாமல் நேரே நுரையீரலுக்கு அனுப்பும் அமைப்பு இது. நடுவில் பம்ப் இல்லை. ரத்தம் தானாக ஓட, சிரைகளில் அழுத்தம் உயர்ந்தே இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு 5 மி.மீ. பாதரசம் அளவில் இருப்பது இவர்களுக்கு 10 முதல் 15 வரை. அந்த அழுத்தத்தைப் பல ஆண்டுகள் சுமக்கும் கல்லீரலில் நார்த்திசு படிகிறது. இது ஏறத்தாழ எல்லோருக்கும் ஏதோ ஓர் அளவில் நடக்கும். சிலருக்கு இளம் வயதிலேயே கல்லீரல் புற்றுநோய் வந்திருப்பதால், ஸ்கேனும் ஏஎஃப்பி ரத்தப் பரிசோதனையும் ஒழுங்காக எடுக்க வேண்டும். மது வேண்டாம்.

கால் வீக்கம், வயிறு உப்பல், தளர்ந்த மலம் சேர்ந்து வந்தால் குடல் வழியாகப் புரதம் வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஆல்புமின் குறைந்திருக்கும், மலத்தில் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் கூடியிருக்கும். இருமலில் மரக்கிளை வடிவில் ரப்பர் போன்ற சளிக்கட்டி வந்தால் அதை ஒரு டப்பாவில் போட்டு அன்றே எடுத்துப் போங்கள். இரண்டுமே ஃபோன்டன் ஓட்டம் தோற்கத் தொடங்கியதைக் காட்டுகின்றன. சுற்றில் எங்காவது குறுகலோ துடிப்புக் கோளாறோ இருக்கிறதா என்று உடனே தேட வேண்டும்.

வயிற்றுப்போக்கு, வாந்தியில் உடல் நீர் வற்றினால் இந்த ஓட்டம் சட்டென்று படுத்துவிடும். மற்றவர்கள் வீட்டில் சமாளிக்கும் வயிற்றுப்போக்குக்கு நீங்கள் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கலாம்.

பெருந்தமனிச் சுருக்கத்தைச் சரிசெய்தாயிற்று. ரத்த அழுத்தம் மட்டும் ஏன் குறையவில்லை?

சுருக்கம் போனாலும் தமனிச் சுவரின் விறைப்பு போகாது. ஆனால் அழுத்தம் ஏறியிருந்தால் முதலில் கேட்க வேண்டியது, சுருக்கம் திரும்ப வந்ததா என்பதுதான். வலது கையிலும் காலிலும் ஒரே நேரத்தில் அளந்து, கையில் 20 மி.மீ. அல்லது அதற்கும் மேல் கூடுதலாக இருந்தால் சந்தேகம் வலுக்கும். இடது கை நம்பகமில்லை, அந்தப் பக்கத் தமனியை ஆபரேஷனில் பயன்படுத்தியிருக்கலாம். உட்கார்ந்து அளக்கும்போது சரியாக இருந்து, உழைக்கும்போது மட்டும் எகிறும் அழுத்தமும் உண்டு. அதனால் 24 மணி நேரக் கருவி பயன்படும்.

செயற்கைத் துணி ஒட்டு வைத்தவர்களுக்கு அந்த இடம் பலூன்போல் வீங்கலாம். 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை எம்ஆர்ஐ அல்லது சிடி தேவை. இருமலில் ரத்தம் வந்தால் காத்திருக்காதீர்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பெருந்தமனி வால்வில் மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ்தான் இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். சுமார் 10 பேரில் ஒருவருக்கு மூளைத் தமனியில் வீக்கம் இருக்கும். வாழ்க்கையிலேயே மோசமான தலைவலி திடீரென்று வந்தால் அது அவசரம்.

மேலறை ஓட்டை, கீழறை ஓட்டை மூடியவர்களுக்கு?

மேலறை ஓட்டையை 40 வயதுக்குப் பின் மூடியிருந்தால், மேலறை நடுக்கத் துடிப்பு வரும் வாய்ப்பு மூடிய பின்னும் தொடரும். கருவியால் மூடியிருந்தால், அரிதாக அது சுவரை உரசித் துளைக்கலாம். புதிய நெஞ்சுவலி, மயக்கம் என்றால் அன்றே எக்கோ. கீழறை ஓட்டை மூடியவர்களுக்கு மிச்சக் கசிவு, பெருந்தமனி வால்வுக் கசிவு, தாமதமாக வரும் மின்கடத்தல் தடை. இரண்டு அறைகளுக்கும் பொதுவான ஓட்டை என்றால் இடது வால்வுக் கசிவுதான் மறு ஆபரேஷனுக்கு முதன்மைக் காரணம்.

பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாட்டிக் எல்லோருக்கும் வேண்டுமா?

இல்லை. செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு இதய உள்ளுறையில் கிருமித்தொற்று வந்தவர்கள், இன்னும் நீலம் பாரித்திருப்பவர்கள், ஒட்டோ கருவியோ வைத்து 6 மாதம் ஆகாதவர்கள், அந்த ஒட்டின் ஓரத்தில் மிச்சக் கசிவு உள்ளவர்கள் ஆகியோருக்குத்தான். வழக்கமான அளவு, பெரியவர்களுக்கு அமாக்சிசிலின் 2 கிராம், ஈறைக் குத்தும் வேலைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு ஒரே தடவை. பென்சிலின் ஒவ்வாமை என்றால் மாற்று மருந்தை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. காரணம் தெரியாத காய்ச்சல் சில நாள் நீடித்தால், ஆன்டிபயாட்டிக் விழுங்கும் முன் ரத்த வளர்ப்புப் பரிசோதனை, வெவ்வேறு இடத்திலிருந்து 3 முறை எடுக்க வேண்டும். மாத்திரையை முதலில் போட்டுவிட்டால் கிருமி ஒளிந்துகொள்ளும், காய்ச்சல் தணிந்து மீண்டும் வரும், அதற்குள் வால்வு அரிக்கப்பட்டுவிடும். "வைரல்தான்" என்று இரண்டாவது பட்டை மாத்திரை எழுதினால், உங்கள் இதயக் கதையைச் சொல்லி இந்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

கர்ப்பம் தரிக்கலாமா?

பெரும்பாலானோரால் முடியும். ஆனால் பரிசோதனை கருவுறுவதற்கு முன் நடக்க வேண்டும். நுரையீரல் தமனி ரத்த அழுத்தம் உயர்ந்தவர்கள், உடலுக்கு ரத்தம் தள்ளும் கீழறை மிகவும் தளர்ந்தவர்கள், சிக்கல்கள் வந்துவிட்ட ஃபோன்டன் உள்ளவர்கள், பெருந்தமனிச் சுருக்கம் கடுமையாகத் திரும்பியவர்களுக்கு ஆபத்து மிக அதிகம், வேண்டாம் என்றே சொல்வோம். எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மருந்துகள் சிசுவைப் பாதிக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினை முதல் மூன்று மாதத்தில் எப்படிக் கையாள்வது என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும், தானாக நிறுத்தினால் உலோக வால்வு அடைக்கும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ரத்தத்தை உறைய வைக்கும் என்பதால் ஃபோன்டன் உள்ளவர்களுக்கும் நீலம் பாரித்தவர்களுக்கும் பொருந்தாது.

பிள்ளைக்கு இதயக் குறை வரும் வாய்ப்பு பொதுவாக 100க்கு 1 என்றால், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் சுமார் 3 முதல் 5. 22க்யூ11 என்ற மரபணுக் குறைபாடு இருந்தால் 50. டெட்ராலஜி உள்ளவர்கள் அந்தப் பரிசோதனையைக் கேட்பது நல்லது. சிசுவின் இதய எக்கோ 18 முதல் 22 வாரத்தில்.

உடற்பயிற்சி?

செய்ய வேண்டும். பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகம் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு. மூச்சை அடக்கி அதிக எடை தூக்குவது பெருந்தமனி விரிந்தவர்களுக்குக் கூடாது. ஃபோன்டன் உள்ளவர்களுக்குக் கால் தசைப் பயிற்சி தனிப் பலன் தரும், கெண்டைக்கால் தசை பிழியும்போது ரத்தம் மேலே ஏறுகிறது. பயிற்சியின்போது மயங்கினால் அது எப்போதும் அவசரம்.

பித்தப்பை, குடல்வால் போன்ற வேறு ஆபரேஷன் என்றால் என்ன சொல்ல வேண்டும்?

மயக்க மருந்து கொடுப்பவரிடம் ஆபரேஷன் தேதிக்கு முன்பே பேசுங்கள். ஃபோன்டன் இருந்தால் நீண்ட பட்டினி ஆகாது, செயற்கைச் சுவாச அழுத்தமும் வயிற்றுக்குள் ஊதும் வாயு அழுத்தமும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். இதயத்துக்குள் ரத்தம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குக் கசிபவர்களுக்கு டிரிப் குழாயில் காற்றுக்குமிழ் இருக்கவே கூடாது, அது நேரே மூளைக்குப் போகலாம். சிறு வயதில் பலமுறை கதீட்டர் செய்தவர்களுக்குத் தொடைச் சிரை அடைத்திருக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

1990களின் தொடக்கத்துக்கு முன் ஆபரேஷனில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஹெபடைடிஸ் சி பரிசோதனை ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். ஏற்றும் ரத்தத்தில் அந்தக் கிருமியைத் தேடும் வசதி அப்போது இல்லை. இன்று மாத்திரையாலேயே குணமாகிறது.

மறுபடி நெஞ்சைத் திறப்பது முதல் தடவையைவிட ஆபத்தா?

ஒரு காரணத்தால், ஆம். முதல் ஆபரேஷனுக்குப் பின் இதயமும் குழாயும் நெஞ்செலும்பின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். எலும்பை அறுக்கும்போது அவை கிழிந்தால் ரத்தப்போக்கு பயங்கரமாக இருக்கும். அதனால் முன்பே சிடி எடுத்து எலும்புக்கும் பெருந்தமனிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று அளப்பார்கள். இடைவெளி இல்லையென்றால் எலும்பைத் தொடும் முன்பே தொடைக் குழாய்கள் வழியாக இதய-நுரையீரல் இயந்திரத்தை இணைத்துவிடுவார்கள். பிறவிக் குறை உள்ள பெரியவர்களுக்கு அடிக்கடி ஆபரேஷன் செய்யும் குழுவிடம் போவதன் பொருள் இதுதான். "சிடி எடுத்தீர்களா, எலும்புக்குப் பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது, தொடைக் குழாய்கள் திறந்திருக்கின்றனவா" என்ற மூன்றையும் தேதி குறிக்கும் முன் கேளுங்கள்.